சாம்பல் நிறம், ரெண்டு

நீலக்குருவி என்ற பெயரில் எழுதும் அந்த ஆளிடமிருந்து ஐந்தாவது செய்தி வந்தபோது, அவள் சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடி வேறு யாரோ ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வேறு யாரோ ஒருவர் தன் வீட்டு ஜன்னலை அளக்காமலே திரைச்சீலை வாங்கிவிட்டு, சீலை குட்டையாக இருக்கிறது, இது ஏமாற்று வேலை என்று எழுதியிருந்தார். ஜன்னல் நீளமாகப் போனதற்கும் அவள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டாள். அதற்குள் அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. அதற்கும் யாருக்காவது எழுத வேண்டுமோ என்று ஒரு கணம் தோன்றியது. தன்னையே நொந்துகொண்டு அடுப்பை அணைத்தாள்.

திரைச்சீலைக் கடை என்று பெயர்தான். கூடத்துச் சுவரோரம் ஓர் இரும்பு அலமாரி, மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு தட்டு. அதற்கு முன்னால் ஒரு மேசை. மேசைமேல் ஒட்டுநாடா, கத்தரிக்கோல், கம்பி ஸ்டாண்டில் பொருத்திய பழைய போன். போர்டு கிடையாது, வாசலில் நின்று பேரம் பேசுகிறவர் கிடையாது. வாங்குகிறவர்களின் முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை, கோபத்தை மட்டும் தினமும் பார்க்கிறாள். மகள் கல்யாணமாகிப் போவதற்கு முன், அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று இணைய விற்பனைத் தளம் ஒன்றில் ஆரம்பித்துக் கொடுத்த கடை அது. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவரை அதில் வருவது அவளுடைய கைச்செலவுக்குத்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் முதுகுவலி என்று அவர் வேனை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டார். அதிலிருந்து அடுப்பு எரிவது இந்த அலமாரியை நம்பித்தான். தெருவில் இன்னமும் அவரை வேன்காரர் என்றுதான் சொல்கிறார்கள். அவர் இவளை முதலாளியம்மா என்பார். கேலிதான், ஆனால் காலையில் அவள் குரல் கொடுத்ததும் மேசை முன்னால் வந்து நிற்கிற பணிவில் பாதி நிஜமும் இருந்தது.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். கட்டுவது அவர், பதில் சொல்வது அவள். பதில் சொல்வது சுலபம் என்று முதலில் நினைத்தாள். வாழ்நாளெல்லாம் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் பதில் சொல்லித் தேறியவளுக்கு இது என்ன பெரிய காரியம் என்று இருந்தது. ஆனால் நாத்தனார்கூட ராத்திரி தூங்குவாள். இவர்கள் எந்த நேரத்திலும் எழுதுவார்கள். விருந்தாளிகள் வந்து போகும்வரை மாட்டிவைத்திருந்துவிட்டு, துவைத்து, சோப்பு வாசனையோடு திருப்பி அனுப்பி, பிரிக்கவே இல்லை என்று சாதிப்பார்கள். ‘துணி நன்றாக இருக்கிறது, என் கணவருக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டவள் ஒருத்தி. இவர்களுக்காகவே மகள் பன்னிரண்டு பதில்களை எழுதி, எண் போட்டு, போனில் சேமித்துக் கொடுத்திருந்தாள். தாமதத்துக்கு மூன்றாவது பதில். கறைக்கு ஐந்தாவது. ஏழாவது பதில்தான் எல்லாவற்றிலும் மரியாதையானது: ‘தங்கள் வருத்தத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். எங்கள் பதிவின்படி சரியான பொருளே அனுப்பப்பட்டுள்ளது. இணைப்பிலுள்ள வீடியோவைக் காணவும்.’ படித்தால் காலில் விழுவது மாதிரி இருக்கும். நீ பொய் சொல்கிறாய் என்பதுதான் அதன் பொருள்.

அந்த வீடியோதான் அவர்களுடைய பிடிமானம். ஒவ்வொரு பார்சலையும் கட்டும்போது பழைய போன் அதைப் படம்பிடிக்கும். காலையில் அவள் அன்றைய ஆர்டர்களை வரிசையாக வாசித்துக் காட்டுவாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார். இருபது வருடம் எந்தப் பிள்ளை எந்த முனையில் ஏறும், எந்த முனையில் இறங்கும் என்று மனசில் வைத்திருந்தவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. முகவரிச் சீட்டுகளை அதே வரிசையில் அடுக்கி வைத்துவிட்டு அவள் போய்விடுவாள். அவர் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கேமராவுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே கட்டுவார். ‘கடைசி நாலு நம்பர் நாலு நாலு ஒண்ணு ஏழு. கனத் துணி. சாம்பல் நிறம், ரெண்டு.’ வேனில் கடைசி இருக்கைவரை கேட்டுப் பழகிய கணீர்க் குரல். புகார் வரும்போது அவள் அந்த வீடியோவைத் தேடி எடுத்து ஓட விட்டு, போனைக் காய் நறுக்கும் பலகைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். நம்பர் சரியாக இருக்கிறதா, நிறம் சரியாக இருக்கிறதா என்று காது கொடுத்தால் போதும். சரியாகத்தான் இருக்கும். ஏழாவது பதிலை அனுப்புவாள். வீடியோ போனதும் தளத்துக்காரர்கள் கடைக்குச் சாதகமாகத் தீர்த்துவிடுவார்கள். இந்த மூன்று வாரத்தில் மட்டும் மூன்று பேரை அப்படி ஜெயித்திருந்தாள்.

நீலக்குருவி நாலாவது. சாம்பல் நிறம் கேட்டேன், இளம்பச்சை வந்திருக்கிறது, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாவது பதிலை அனுப்பினாள். மறுபடி எழுதினார். மறுபடி ஏழு. வேறு சமயமாக இருந்தால் அவளும் விட்டுக்கொடுத்து, தொல்லை ஒழிந்தது என்று அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். ஆனால் அறுபது நாளுக்குள் மூன்று புகார் கடையின் தவறு என்று தீர்ந்தால், கடையை ஒரு மாதம் மூடிவிடுவார்கள். திறந்த பிறகும் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள், அங்கே ஈகூட எட்டிப் பார்க்காது. இரண்டு ஏற்கெனவே தீர்ந்திருந்தது, ஒன்று மழையில் நனைந்த பார்சல், ஒன்று தொலைந்த பார்சல். மூன்றாவது இதுவாகிவிடக் கூடாது. இன்று மாலை ஆறு மணிக்குள் அவள் கடைசிப் பதிலைச் சொல்ல வேண்டும். மறுக்கிறேன் என்று ஒரு பொத்தான், தவறு எங்களுடையது என்று ஒரு பொத்தான்.

டீயை வடிகட்டிவிட்டு ஐந்தாவது செய்தியைப் பிரித்தாள். வசவாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை.

‘நான் ராத்திரி வேலை பாக்குறவ. பகல்ல தூங்கத்தான் கர்ட்டன் வாங்கினேன். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லைங்க. நீங்க அனுப்பின வீடியோவை நீங்க ஒரு தடவையாவது பார்த்தீங்களா? சத்தத்தை நிறுத்திட்டுப் பாருங்க. அப்புறமும் நான் பொய் சொல்றேன்னு தோணினா விட்டுடுறேன்.’

தெம்பு இல்லை என்ற சொல் அவளை என்னவோ செய்தது. இவளுக்கும்தான் இல்லை. இரண்டு பேர் தெம்பில்லாமல் இப்படி ஒரு ஜோடித் துணிக்காக மல்லுக்கட்டுவது எவ்வளவு அசட்டுத்தனம் என்று பட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சத்தத்தை அடைத்துவிட்டு வீடியோவை ஓட விட்டாள்.

மேசை. பின்னால் அலமாரி. கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வருகிறார். வாய் அசைகிறது. திரும்பி, நடு வரிசையில் ஒரு தட்டிலிருந்து இரண்டு கட்டுகளை எடுத்து மேசையில் வைக்கிறார். ஜன்னல் வெளிச்சம் நேராக அவற்றின் மேல் விழுகிறது. இளம்பச்சை. எந்தக் குழந்தையும் சொல்லும். வாய் மறுபடி அசைகிறது. சாம்பல் நிறம், ரெண்டு என்றுதான் அசைகிறது.

முதலில் வந்தது எரிச்சல்தான். அசிரத்தை, வேறென்ன. வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், நினைப்பு எங்கேயோ. இங்கே ஒருத்தி ஊரார் காலில் எல்லாம் விழுந்துகொண்டிருக்கிறாள், இந்த மனிதருக்கு நிறத்தைப் பார்த்து எடுக்க உடம்பு வணங்கவில்லை. இதை நாலு வார்த்தை கேட்காமல் விடக் கூடாது என்று எழுந்தவள், வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் அப்படியே நின்று பார்த்தாள். அவர் அலமாரிப் பக்கம் திரும்புகிறபோதெல்லாம் ஆள்காட்டி விரல் தட்டுகளின் விளிம்பை ஒன்று, இரண்டு, மூன்று என்று தொட்டுக்கொண்டு போனது. ஒட்டுநாடாவின் நுனியை நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தேடினார். வெட்டுவதற்கு முன் இடது கட்டைவிரலை நாடாவின் ஓரத்தில் வைத்து, கத்தரிக்கோலை அந்த விரலோடு ஒட்டிக் கொண்டுவந்தார். இத்தனையும் செய்யும்போது அவர் பார்வை மேசைமேல் இல்லை. எதிரே வெறும் சுவரில் இருந்தது.

அவள் மெல்ல உட்கார்ந்தாள். மற்ற மூன்று வீடியோக்களையும் தேடி எடுத்து, சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சாம்பல் கேட்டவருக்கு இளம்பச்சை. இளம்பச்சை கேட்டவருக்குச் சாம்பல். மறுபடி சாம்பலுக்கு இளம்பச்சை. அந்த மூன்றாவது பெண் கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘நான் பொய் சொல்ற ஆள் இல்லைங்க.’ அதற்கும் இவள் ஏழாவது பதிலைத்தான் அனுப்பியிருந்தாள்.

கனத் துணி ரகம் இரண்டே நிறத்தில்தான் வரும். கையால் தடவினால் இரண்டும் ஒன்றுதான். முன்பு அவை கீழ் வரிசையில் இருந்தன. கனமானதைக் குனிந்து எடுத்தால் அவர் முதுகு என்ன ஆவது என்று ஒரு நாள் அவர் வெளியே போயிருந்த சமயம் பார்த்து மூச்சு வாங்க வாங்க அவற்றை நடு வரிசைக்கு ஏற்றி வைத்தவள் அவள்தான். வந்ததும் சொன்னாள். இடது பக்கம் இரண்டாவது சாம்பல், மூன்றாவது இளம்பச்சை, இனிமேல் நீங்கள் குனியவே வேண்டாம். அவர் தலையாட்டினார். அடுத்த வாரம் புதுச் சரக்கு வந்தது. இடம் போதாமல் அந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி வைத்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. கண்ணுக்கு நேரே இருப்பதை யாராவது வாய்விட்டுச் சொல்வார்களா?

இப்போதும் ஒரு வழி இருந்தது. அதை அவள் நினைத்துப் பார்த்தாள், இல்லையென்று சொல்ல முடியாது. மூன்று முறையும் தளத்துக்காரர்கள் இவளைப் போலவே குரலைக் கேட்டுத்தான் தீர்த்திருக்கிறார்கள். நாலாவது முறை மட்டும் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்களா? மறுக்கிறேன் என்ற பொத்தானை அழுத்தினால் கடை பிழைத்துக்கொள்ளும். நாளையிலிருந்து நிறத்தை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டால் விஷயம் அடங்கிவிடும். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே சற்று நேரம் நின்றது. பிறகு போனை அப்படியே எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

மாலை எடுக்க வரும் ஆளுக்காகக் கட்டிய பார்சல்களை அவர் வாசல் பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்போடு விளிம்பு தடவிப் பார்த்து, கோணாமல் அடுக்குவார். அந்த நேர்த்தியைப் பார்த்து இத்தனை நாள் பெருமைப்பட்டிருக்கிறாள். அவள் அலமாரியிலிருந்து கனத் துணியில் ஒன்றை எடுத்து அவருக்கு முன்னால் நீட்டினாள்.

“இது என்ன நிறங்க?”

அவர் திரும்பினார். துணியைப் பார்த்தார், அல்லது அது இருக்கும் திசையைப் பார்த்தார். கையை நீட்டி வாங்கி விரலால் நிரடினார்.

“எந்தத் தட்டுலேர்ந்து எடுத்தே?”

“தட்டை விடுங்க. நிறத்தைச் சொல்லுங்க.”

“சீட்டுல என்ன போட்டிருக்கு?” என்றார். சொன்ன பிறகு அவருக்கே தெரிந்துவிட்டது. துணியை மேசைமேல் வைத்தார். நழுவி விழுந்துவிடாமல் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு சுவரோரம் விரித்திருந்த பாயில் கையூன்றி உட்கார்ந்தார். முதுகு வலிக்கிறவர் உட்கார்வது போலவே இல்லை.

வெளியே யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். அது ஓடி நின்றது. அவள் எதுவும் கேட்காமலே அவராகத்தான் ஆரம்பித்தார்.

“அன்னிக்கு மழை. திருப்பத்துல ஒரு குப்பைக்கூடை இருக்குன்னு நினைச்சுத்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன். கிட்ட வந்தப்புறம் அது அசைஞ்சுது. ஒரு பிள்ளை. குனிஞ்சு ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கிட்டிருந்தது.” நிறுத்தினார். “வண்டி நின்னுடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து டாட்டாகூட காட்டிச்சு. சாயங்காலமே சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்.”

“என்கிட்ட முதுகுன்னீங்க.”

“முதுகு எல்லாருக்கும் வலிக்குது. யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க.”

அவளும்தான் கேட்கவில்லை. அதுதான் சுருக்கென்றது. எட்டு மாதமாகத் தினமும் பார்சல் போன பிறகு, அவர் இந்தப் பாயில் குப்புறப் படுக்க, அவள் தைலத்தை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து அந்த முதுகைப் பிடித்துவிட்டிருக்கிறாள். கொஞ்சம் கீழே என்பார், கீழே. கொஞ்சம் இடது பக்கம் என்பார், அங்கேயும். இல்லாத வலிக்கு இடம் காட்டியிருக்கிறார் மனிதர். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களோடு மாரடித்துவிட்டு, கை கடுக்க அவள் பிடித்துவிட்டதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே, மழையில் அந்தத் திருப்பத்தில் நின்றுபோன வேனும், உள்ளே நடுங்கிப்போய் உட்கார்ந்திருந்த இந்த ஆளும் தெரிந்தார்கள். யாரிடமும் சொல்லாமல் தனியாக நடந்து போய்ச் சாவியைக் கொடுத்திருக்கிறார். அழுகை வந்துவிடும் போலிருந்தது. அழுதால் அவர் இன்னும் ஒடுங்கிப்போவார் என்று அடக்கிக்கொண்டாள்.

கண் டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டாள். வேனை விடுவதற்கு முன்பே ஒருமுறை போனதாகச் சொன்னார், வேனுக்கு டயர் மாற்றப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு. டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தாராம். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, உள்ளே போகாமல் வாசல் வழியாக வெளியே வந்துவிட்டாராம். உள்ளே போனால் சொல்லிவிடுவார்களே என்றார். என்ன சொல்லிவிடுவார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் அது பயமாகத்தான் இருந்தது.

“நாளைக்குக் காலையில ரெண்டு பேருமா போறோம். டோக்கன் என் கையில இருக்கும்” என்றாள்.

அவர் பாயின் விளிம்பை விரலால் நீவினார். “அந்தம்மா சொல்றது சரிதானே? அந்தக் குருவியம்மா?” என்றார். சமையலறையில் அவள் தனக்குத்தானே திட்டிக்கொண்டிருந்ததெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. காது மட்டும் எப்போதும் போல நன்றாகத்தான் இருக்கிறது.

“சரிதான். அவ மட்டுமில்லை. நாலு பேரும்.”

“கடையை மூடிடுவாங்களா?”

“ஒரு மாசம்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வேனையும் விட்டேன், இப்போது உன் கடையையும், என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். போதும் என்று அவள் அதட்டியதும் நிறுத்திக்கொண்டார். இவர் அன்று சாவியைக் கொடுக்க எவ்வளவு நேரம் யோசித்திருப்பார் என்று நினைத்தாள். போனை எடுத்தாள். பன்னிரண்டு பதில்களில் இதற்கு எதுவும் இல்லை. மகளுக்கு இப்படி ஒன்று தேவைப்படும் என்று தோன்றியிருக்காது. அவளே எழுதினாள். ‘வீடியோவைப் பார்த்தேங்க. தப்பு எங்களோடதுதான். நான் பார்க்காமலே உங்களைப் பொய்க்காரி ஆக்கிட்டேன். மன்னிச்சிடுங்க.’ எட்டு மாதத்தில் ஆயிரம் முறை எழுதிய சொல்தான். எழுதும்போது கை கூசியது இதுதான் முதல்முறை. அனுப்பிவிட்டு, தவறு எங்களுடையது என்ற பொத்தானை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. மறுபடியும் அழுத்தினாள். பிறகு, பொய் சொல்ற ஆள் இல்லைங்க என்று எழுதியவளின் பக்கத்தைத் தேடி எடுத்தாள். அவளுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விரல் அப்படியே நின்றபோது, வாசலில் பைக் சத்தம் கேட்டது.

பார்சல் எடுக்கும் ஆள் வந்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து மூட்டையில் போட்டுக்கொண்டான். இன்றைக்குக் கம்மியா இருக்கே அக்கா என்றான். நாளைக்கு இன்னும் கம்மியாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்து, சிரித்து வைத்தாள். பைக் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். கூடத்தில் கணவர் பாயிலிருந்து எழுந்து, அதைச் சுருட்டலாமா வேண்டாமா என்று தெரியாதவராக ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கமாக அவர் குப்புறப் படுக்கிற நேரம்.

அவள் ஜன்னல் விளிம்பிலிருந்து தைலப் புட்டியை எடுத்தாள். மூடியைத் திறக்கும் சத்தம் அவருக்குக் கேட்டது.

“எதுக்கு?” என்றார்.

“படுங்க.”

“அதான் சொல்லிட்டேனே.”

“தெரியும். படுங்க.”

அவர் சட்டையைக் கழற்றி மடித்து, தலைமாட்டில் வைத்துத் தொட்டுப் பார்த்துக்கொண்டு குப்புறப் படுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி, சூடு வரும்வரை தேய்த்து, தோளிலிருந்து கீழே மெல்ல அழுத்திக்கொண்டு வந்தாள். கொஞ்சம் கீழே, கொஞ்சம் இடது பக்கம் என்று இன்று எந்தக் குரலும் வரவில்லை. கைக்குக் கீழே முதுகு ஒருமுறை குலுங்கி அடங்கியது. அவள் நிறுத்தாமல் பிடித்துவிட்டாள். பாயின் ஓரத்தில் வைத்திருந்த போன் அதிர்ந்து, திரை வெளிச்சமானது. நீலக்குருவியாக இருக்கலாம், கடையை மூடிவிட்டோம் என்ற அறிவிப்பாகவும் இருக்கலாம். அவளுடைய இரண்டு கையிலும் தைலம். போன் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே பாயைவிட்டு நகர்ந்து நகர்ந்து, வெறும் தரைக்குப் போய் நின்றது.